குத்தகைதாரர் விண்ணப்பம்

அனுப்புநர்: கொல்கத்தா சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் வேலை பார்த்து, கருணாமயி பக்கம் குடியிருக்கும் தமிழன்.

பெறுநர்: கணினியை முழுசாகக் கோத்து விற்கும் கம்பெனி (பெயரை எழுதினால் வாரண்டி போய்விடுமோ என்று பயம்).

பொருள்: 49-ஐ 51 ஆக்க அனுமதி கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

போன மாதம் தங்கள் கணினி ஒன்றை வாங்கினேன். அதாவது, வாங்கியதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே இருப்பது இன்டெல் ப்ராசஸர். பெயரின் கடைசியில் ‘கே’. அந்த ஓர் எழுத்துக்குத் தனிக் காசு. மல்டிபிளையருக்குப் பூட்டு இல்லை என்று அதற்கு அர்த்தம். அடிப்படை 100 மெகாஹெர்ட்ஸை 49-ஆல் பெருக்கினால் 4.9 கிகாஹெர்ட்ஸ். அந்த 49-ஐ 51 ஆக்கிப் பார்க்க ஆசைப்பட்டேன். கோட்டையா கேட்டேன்? இரண்டே இரண்டு எண்.

ராத்திரி பதினொரு மணிக்கு பயாஸுக்குள் போனேன். தேதியை மாற்றலாம், நேரத்தை மாற்றலாம். கணினி எழும்போது தங்கள் லோகோ தெரியவேண்டுமா வேண்டாமா என்றுகூட நானே முடிவு செய்யலாம், என்ன பெருந்தன்மை! மல்டிபிளையர் என்ற சொல்லைத்தான் காணோம். இன்டெலின் எக்ஸ்டியூ மென்பொருளைப் போட்டேன். அதில் இருந்தது, சாம்பல் பூத்து, தொட்டால் நகராமல். மிட்டாய்க்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ரசகுல்லா இருப்பதுபோல.

பிறகுதான் விஷயம் புரிந்தது. இன்டெலில் மல்டிபிளையரை ஏற்ற ‘இசட்’ வகை சிப்செட் போட்ட மதர்போர்டு வேண்டும். தாங்கள் வைத்திருப்பது ‘பி’ வகை. பூட்டில்லாத பீரோவைப் பூட்டிய அறைக்குள் வைத்து, பீரோவுக்கும் சேர்த்துக் காசு வாங்கியிருக்கிறீர்கள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாந்தினி சௌக் போனேன். கடைக்காரர் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, “ஹோபே நா, தாதா” என்றார். (நடக்காது என்கிறார். இங்கே தாதா என்றால் அண்ணன். நம்மூர் தாதாவாக இருந்தால் தங்களிடம் வேறு மாதிரி பேசியிருப்பேன்.) ப்ராசஸருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பகுதியின் மேல் ஹீட்சிங்க் இல்லை. விசிறியோ தேன்குழல் அளவு. வேகத்தை ஏற்றினால் சூடு தாங்காது என்று தாங்கள் சொன்னால் நியாயம்தான். அந்த விசிறியைத் தேர்ந்தெடுத்தது நானா? சரி, போர்டையே மாற்றலாம் என்றால் அதன் அளவும் தங்களுடையது, பவர் சப்ளை கனெக்டரும் தங்களுடையது. கேபினெட்டோடு எல்லாம் மாற்றவேண்டும். எனக்கென்று மிஞ்சுவது பில் மட்டும்.

ஐயா, நான் குடியிருக்கும் சால்ட் லேக் ஹூக்ளி ஆற்று மணலைச் சதுப்பில் கொட்டி எழுப்பியது. இங்கே வீட்டு மனைகளை அரசு 999 வருடக் குத்தகைக்குத்தான் கொடுத்தது. ரொம்ப காலம் அவற்றை வெளியாருக்குக் கைமாற்ற முடியாமல் இருந்தது. பிறகு கட்டணம் கட்டினால் மாற்றலாம் என்றார்கள். எனக்கு அதில் புகார் இல்லை. குத்தகை என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தார்கள். தங்கள் பில்லில் ‘விற்பனை’ என்று இருக்கிறது.

முன்பெல்லாம் பூட்டுக்கும் ஒரு மரியாதை இருந்தது. 2000 வாக்கில் ஏஎம்டி அத்லான் சிப்பின் முதுகில் விட்டுப்போன எல்1 புள்ளிகளைப் பென்சிலால் கோடு போட்டு இணைத்தால் மல்டிபிளையர் திறந்துகொள்ளும். கிராஃபைட் மின்சாரம் கடத்தும் அல்லவா? ஸ்கூல் பையனின் ஜாமெட்ரி பாக்ஸிலேயே சாவி இருந்தது. 2010-இல் இன்டெல், ஒரு பென்டியம் சிப்பில் ஏற்கெனவே இருந்த வசதியைத் திறக்க 50 டாலருக்குக் கார்டு விற்றது. எல்லாரும் திட்டினார்கள், அடுத்த வருடமே கைவிட்டது. நானும் அப்போது திட்டினேன். இப்போது யோசித்தால், அவர்களாவது சாவிக்கு ஒரு விலை சொன்னார்கள்.

ஆகவே தங்கள் சமூகத்தைக் கேட்டுக்கொள்வது: 51 வேண்டாம், 49-இலேயே இருந்துவிடுகிறேன். அடுத்த பில்லில் ‘விற்பனை’ என்ற சொல்லை அடித்துவிட்டு ‘குத்தகை’ என்று எழுதுங்கள். எத்தனை வருடம் என்பதையும் குறிப்பிடவும். ‘கே’ எழுத்துக்கு வாங்கிய காசை மட்டும் திருப்பி அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் குத்தகைதாரர்