காசு கொடுத்து வெட்டியாக இருந்த காலம்

2005 வாக்கில் வெட்டியாக இருக்கக்கூடக் காசு வேண்டும். கும்பகோணத்தில் எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்கு 30 ரூபாய். ஏசி ரூம் என்பதால் செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். நோட்டில் பெயரையும் உள்ளே போகிற நேரத்தையும் எழுதிவிட்டு, பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்தால் மளமளவென்று வேலை நடக்கும். முதலில் ஆர்குட். ஸ்கிராப்பில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள், டெஸ்டிமோனியல் தருவதாகச் சொன்னவன் தந்தானா (நாம் முதலில் எழுதாமல் எவனும் எழுத மாட்டான்) என்று பார்த்துவிட்டு மினிக்ளிப்புக்குப் போவோம். கேம் லோடாகும் கோடு பாதிகூட வந்திருக்காது. கல்லாவிலிருந்து குரல் வரும்: "தம்பி, டைம் ஆச்சு. இன்னொரு அரை அவர் போடவா?" சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து வருவோம். வீட்டில் கேட்டால், ரிசல்ட் பார்க்கப் போனேன் என்று சொல்வது. மாதாமாதம் எந்த யுனிவர்சிட்டியும் ரிசல்ட் விடாது என்பது அப்பாவுக்கும் தெரியும்.

ஸ்டம்பிள்அப்பான் என்று ஒன்று இருந்தது. பட்டனை அமுக்கினால் முன்பின் தெரியாத ஏதாவது ஒரு வெப்சைட்டில் கொண்டுபோய் இறக்கிவிடும். அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான காரெட் கேம்ப்தான் பின்னாளில் ஊபரையும் தொடங்கினார். போகிற இடம் தெரியாமல் ஏறுகிறவர்களைவிட, இடம் சொல்லி ஏறுகிறவர்களிடம்தான் வருமானம் என்று புரிந்திருக்கும். ஸ்டம்பிள்அப்பானை 2018 ஜூனில் மூடிவிட்டார்கள். ஆர்குட் 2014-லேயே போய்ச் சேர்ந்தது.

இப்போது காசும் கேட்பதில்லை, கல்லாவும் இல்லை. 2006-இல் ஆசா ரஸ்கின் என்பவர், 'அடுத்த பக்கம்' என்று கிளிக் செய்யும் சிரமம் நமக்கு வேண்டாம் என்று, கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் வசதியைச் செய்துகொடுத்தார். பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டுப் பேசவும் செய்தார். அவர் வருத்தப்பட்ட விஷயமே, ராத்திரி ஒரு மணிக்கு நான் அப்படித் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தெரியவந்தது.

நல்ல வெட்டித்தனம் அடியோடு அழிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. ரேடியோ கார்டனில் பூமி உருண்டையைச் சுழற்றி ஒரு பச்சைப் புள்ளியில் நிறுத்தினால் அந்த ஊர் ரேடியோ பாடும். 2020 லாக்டவுனில் சிங்கப்பூரில் இருந்த ஒரு தம்பதி ஆரம்பித்த விண்டோஸ்வாப் இன்னும் விசேஷம். எந்த நாட்டிலோ யார் வீட்டு ஜன்னலோ பத்து நிமிஷம் நம் திரையில் திறந்திருக்கும். ஸ்காட்லாந்தில் ஒரு ஜன்னலுக்கு வெளியே மழை பெய்வதை மெய்மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "மாடியில துணியெல்லாம் நனையுது, காதுல விழலையா?" என்று மனைவி வந்து கத்தினாள். நம் தெருவிலும் மழையாம்.

அன்று நெட் போனால் சென்டரே எழுந்து டீக்கடைக்குப் போகும். இன்று நெட் போனாலும் நம்மை எழவிடுவதில்லை. குரோமில் ஒரு டைனோசர் வந்து நிற்கிறது. 2014-இல் கூகுள்காரர்கள் வைத்தது. கள்ளிச்செடிகளைத் தாண்டித் தாண்டி அதை ஓடவிடலாம். சுமார் 1 கோடியே 70 லட்சம் ஆண்டுகள் ஓடும்படி செய்திருப்பதாக அதை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். நான் இன்னும் ஆயிரம் பாயிண்டைத் தாண்டவில்லை.