ஏழாம் வகுப்பு ஆங்கில வீட்டுப்பாட நோட்டுகளில் பாடபேதங்கள்: ஒரு முன்னோட்ட ஆய்வு

1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், கைக்கு எட்டிய ஏடுகளையெல்லாம் திரட்டி வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். அந்த முறையை நடுநிலைப் பள்ளியின் ஆங்கில வீட்டுப்பாட நோட்டுகளுக்கு இதுவரை யாரும் பொருத்திப் பார்க்கவில்லை. பெருங்குறைதான். ஓலைச்சுவடிகளையாவது செல்லும் கரையானும் மெதுவாகத் தின்றன. நோட்டுகளோ ஆண்டுத் தேர்வு முடிந்த வாரமே பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்விடுகின்றன.

முதலில் காலம் பற்றி. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை, 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் நாளொன்றுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. பாடங்கள் ஐந்து. வகுத்தால் ஆங்கிலத்துக்கு 12 நிமிடம். பிரேயர் மணி அடிப்பதற்குள் சைக்கிள் ஸ்டாண்டில் குந்தி, பையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, “டேய், சீக்கிரம் திருப்புடா, நான் இன்னும் மூணாவது கேள்வியிலதான் இருக்கேன்” என்று எழுதி முடிப்பவர்களுக்கும் ஏறத்தாழ அவ்வளவு நேரமே பிடிக்கிறது. நாட்டிலேயே இக்கொள்கையை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடிப்பவர்கள் இவர்கள்தாம் என்றே படுகிறது.

எழுத்துமுறையிலும் மரபுத் தொடர்ச்சி உண்டு. ஏடெழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. வைத்தால் ஓலை கிழியும் என்பார்கள். வீட்டுப்பாட லேககர்கள் முற்றுப்புள்ளி வைப்பதில்லை. தாள் கிழியாது என்று எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் பயனில்லை. சிறிய ‘ஐ’, ‘ஜே’ ஆகியவற்றின் தலைப்புள்ளிகள் பக்கம் முடிந்தபின் மொத்தமாகத் தூவப்படுவதால், சில அண்டை எழுத்துகளின் தலையில் போய் விழுகின்றன.

இம்போசிஷனில் இம்மரபு உச்சம் தொடுகிறது. ‘இனிமேல் வீட்டுப்பாடம் எழுதாமல் வரமாட்டேன்’ என்ற ஆங்கில வாக்கியத்தை ஐம்பது முறை எழுதச் சொன்னால், முதல் சொல்லை மேலிருந்து கீழாக ஐம்பது முறையும், பிறகு இரண்டாம் சொல்லை ஐம்பது முறையும் எழுதுகிறார்கள். உறுதிமொழி நெடுக்குவாக்கில் விளைகிறது. குறுக்குவாக்கில் அதை வாசித்தவர் எவரும் இல்லை.

இனிப் பிரதிகளின் வமிசாவளி. இரண்டு ஏடுகளில் ஒரே பிழை இருந்தால் இரண்டுக்கும் மூதாதை ஒன்று என்பது ஜெர்மானிய அறிஞர் கார்ல் லாக்மன் பெயரால் வழங்கும் முறையின் அடிப்படை. ‘என் உற்ற நண்பன்’ என்ற கட்டுரையில் இது அழகாகப் பொருந்துகிறது. ‘அ’ பிரதிக்காரன் தன் நண்பனாக ‘ஆ’வைக் குறிப்பிடுகிறான். ‘ஆ’ அதைப் பார்த்து எழுதியதால், ‘ஆ’வின் உற்ற நண்பனும் ‘ஆ’வே. இதை ஆன்ம ஞானம் என்று கொள்வாரும் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ‘இ’ பிரதியிலும் நண்பன் ‘ஆ’தான். ஆனால் ரப்பர் ஒன்றை முன்னிட்டு இருவரும் பேச்சுவார்த்தையில் இல்லை என்று கடைசி பெஞ்சுத் தகவல் கூறுகிறது.

‘அ’வே மூலப்பிரதி என்று முடிவு கட்டுவது அவசரம். ‘அ’வுக்கு மூலம் கைடு. உரிய சான்றும் உண்டு. ‘உன் ஊரில் நீ கண்ட ஒரு நல்ல செயலை ஐந்து வரிகளில் எழுது’ என்ற பயிற்சிக்கு, ‘மாணவர் தாமே செய்ய வேண்டியது’ என்று கைடு விடை தருகிறது. ‘அ’ முதல் ‘ஔ’ வரை எல்லாப் பிரதிகளிலும் இவ்விடையே, சுத்தமான கையெழுத்தில், ஒரு பாடபேதமும் இல்லாமல் காணப்படுகிறது. எல்லாவற்றுக்கும் சிவப்பு டிக்கும் விழுந்திருக்கிறது.

இதற்காக ஆசிரியையைக் குறை சொல்வது நியாயமாகாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இவ்வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்கிறது. நோட்டுக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஒரு பீரியட் முழுசாகப் போய்விடும். அச்சில் விடையுள்ள கேள்வியைக் கேட்டுவிட்டு அதே விடையை 35 முறை வாசிப்பது யாராலும் ஆகாது. டிக் என்பது வாசித்ததற்கல்ல, நோட்டு வந்து சேர்ந்ததற்கான ரசீது.

மாணவர்கள் வகுப்பில் பாடம் வாசிப்பதைப் பற்றியும் சொல்ல அதிகமில்லை. ஒருவன் உரக்கப் படிக்க, மற்றவர்கள் வரியின்மேல் விரல் வைத்திருக்க வேண்டும். “நெக்ஸ்ட்” என்று மிஸ் சொல்லும்போது எந்த வரி என்று தெரிந்தால் தேறியதாகக் கணக்கு.

அண்மையில் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்கள் சுவடி மரபையே அழித்துக்கொண்டிருக்கின்றன. இரவில் யாரோ ஓர் அம்மா அனுப்பும் ஒரே புகைப்படத்திலிருந்து வகுப்பு முழுதும் படியெடுக்கிறது. கிளைப்பிரதிகள் இல்லை, ஆய்வாளனுக்கு வேலையும் இல்லை. ஒருமுறை மட்டும் அந்த அம்மாவின் கட்டைவிரல் ஒரு சொல்லை மறைத்துவிட்டது. ‘கிழவர் பையனுக்கு ஒரு’ என்பதற்கும் ‘கொடுத்தார்’ என்பதற்கும் நடுவே இருட்டு. லேககர்கள் தத்தம் மதிப்படி நிரப்பியிருக்கிறார்கள்: குடை, செல்போன், ஆட்டுக்குட்டி, பரோட்டா, அறை. பருவம் முழுவதிலும் அவர்கள் சொந்தமாக எழுதிய ஆங்கிலச் சொல் இது ஒன்றே. கைடில் இருப்பது நாணயம் ஆகையால் எல்லாவற்றையும் சிவப்பு மை சுழித்திருக்கிறது, பரோட்டாவைத் தவிர. இது திருத்தியவரின் கைத்தவறா, பசி நேரமா என்பது மேலாய்வுக்குரியது.