சென்னை ஓவன் போர்டு: ஒரு திணையியல் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

நிலத்துக்கு ஏற்ப ஒழுக்கம் மாறும் என்று இலக்கண நூலார் வகுத்துவிட்டார்கள். மைக்ரோவேவ் ஓவனின் கன்ட்ரோல் போர்டு பழுதானால் ஒழுக்கம் எப்படி மாறும் என்பதை மட்டும் வருங்காலத்துக்கு விட்டுவைத்தார்கள். அந்த இடைவெளியை நிரப்ப முற்படுகிறது இக்கட்டுரை. கருதுகோள்: போர்டை மாற்றுவதா, வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது போர்டின் நிலை அன்று, வீட்டின் பின்கோடு.

வரலாறும் வரையறையும்

1945இல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில், ரேடாருக்கான மேக்னட்ரான் அருகே நின்ற பெர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையில் மிட்டாய் உருகியது. 1947இல் வந்த முதல் ஓவனின் எடை ஏறத்தாழ 340 கிலோ. 1967இல் சமையல் மேடையில் வைக்கும் அளவுக்கு இளைத்தது. அப்போதும் திருகும் டைமர்தான். 1975இல் அமானா நிறுவனம் நுண்செயலி பொருத்திய, தொட்டால் இயங்கும் ஓவனை வெளியிட்டது. ஆகவே "போர்டு போச்சு" என்று ஓவனைப் பார்த்து அதற்கு முன் யாரும் சொல்லியிருக்க வழியில்லை. இன்றும் இரண்டு திருகு குமிழ்களோடு மட்டும் விற்கும் ஓவன்களில் போர்டு கிடையாது. இவ்வாய்வைப் பொறுத்தவரை அவை புறத்திணை.

போர்டு என்பது யாது? சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டைக் குறைத்து, மைக்ரோகன்ட்ரோலருக்கு 5 வோல்ட்டும் ரிலேக்களுக்குப் பெரும்பாலும் 12 வோல்ட்டும் கொடுக்கும் பலகை. அது சமைப்பதில்லை, எப்போது தொடங்கலாம், எப்போது நிறுத்தலாம் என்று ஆணையிடுகிறது. அடுப்பு ஓய்ந்த நேரத்திலும் கடிகாரம் காட்ட வேண்டியிருப்பதால் இரவும் பகலும் இளஞ்சூட்டில் இருக்கிறது. அந்தக் கடிகாரத்தை நம்பி வீட்டில் எவரும் மணி பார்ப்பதில்லை. அந்தச் சூட்டை நம்பிக் கரப்பான்பூச்சிகள் குடும்பத்தோடு குடியேறுகின்றன.

முதல் திணை: மயிலாப்பூர்

நிலம்: கடலோரம். சாந்தோம் பக்கமிருந்து வரும் உப்புக்காற்று ஈரத்தை இழுத்துப் பிடித்து, செம்புத் தடங்களில் பச்சை பூக்க வைக்கிறது. பெரும்பொழுது: மார்கழி. பருவமழை ஈரம் இன்னும் காயாமல் இருக்கும். சபாக்களில் கச்சேரி நடக்கும். அமெரிக்காவிலிருந்து வந்திறங்கிய உறவுகள் நடுநிசியில் பால் சுடவைப்பார்கள். கருப்பொருளில் உணவு, மறுசூடு கண்ட வத்தக்குழம்பும் எண்ணெய் காணாமல் பொரிந்த அப்பளமும். விலங்கு, பல்லி. பறை, பீப்.

உரிப்பொருள்: பழுதுபார்த்தலும் பழுதுபார்த்தல் நிமித்தமும். "மாமி, போர்டு போச்சு, புதுசு போட்டுடலாம்" என்பார் மெக்கானிக். "ஏம்ப்பா, ஒரு தடவை நன்னா துடைச்சுப் போட்டுப் பாரேன்" என்று பதில் வரும். இதைச் சிக்கனம் என்று மட்டும் ஒதுக்க முடியாது. கீபேடிலிருந்து வரும் ரிப்பன் கேபிளைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மறுபடி செருகியதும் எழுந்து உட்காரும் ஓவன்கள் உண்டு.

இரண்டாம் திணை: தியாகராய நகர்

நிலம்: ஏரி. மாம்பலத்தின் நீண்ட ஏரியை வற்றவைத்து 1920களில் எழுப்பிய நகர் இது. பொழுது: ஆடித் தள்ளுபடியும் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரமும். உரிப்பொருள்: மாற்றலும் மாற்றல் நிமித்தமும்.

இங்கே ஆய்வு முறை எளிது. மெக்கானிக் ஒரு தாளில் போர்டின் விலை, சர்வீஸ் சார்ஜ், வரி என்று எழுதிக் கூட்டுகிறார். வீட்டார் இன்னொரு தாளைக் காட்டுகிறார்கள். அது காலைப் பேப்பரோடு வந்த எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் நோட்டீஸ். அதில் எல்லா விலையும் 990 என்றே முடிகிறது. உஸ்மான் சாலை நடந்து போகும் தூரம். மாலைக்குள் புது ஓவன் வந்துவிடுகிறது. பழையதற்கு உண்மையில் என்ன நோய் என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது.

மூன்றாம் திணை: அடையாறு

நிலம்: ஆறு கடலோடு கூடும் இடம். பொழுது: ஞாயிறு முற்பகல். 1959இல் தொடங்கிய ஐஐடி பக்கத்திலேயே இருப்பதாலோ என்னவோ, இத்திணையின் தலைமகன் ஓய்வுபெற்ற பொறியாளர், கருவி, மல்டிமீட்டர். உரிப்பொருள்: திறத்தலும் திறத்தல் நிமித்தமும்.

இந்தத் திணைக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை, அதில் கேலி இல்லை. போர்டில் 5 வோல்ட் ஓடும் அதே பெட்டிக்குள், ஒரு சாண் தள்ளி, ஏறத்தாழ 2,000 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஆளைக் கொல்லும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். அதை வடித்துவிடும் முறை தெரியாதவர் மூடியின் முதல் ஸ்க்ரூவையே தொடக் கூடாது.

பாலை: ரிச்சி தெரு

பாலைக்குத் தனி நிலம் இல்லை. மற்ற நிலங்கள் வெம்பித் திரிந்தால் அதுவே பாலை. கம்பெனியில் அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் மூன்று திணை மாந்தரும் அண்ணா சாலையிலிருந்து பிரியும் ரிச்சி தெருவுக்கு வந்து சேர்கிறார்கள். பொழுது: நண்பகல். உரிப்பொருள் பிரிதல், கையில் உறையிட்ட பழைய போர்டு.

கடைக்காரரின் முதல் கேள்வி, "பழைய போர்டு கொண்டாந்திருக்கீங்களா?" கேள்வியில் நியாயம் உண்டு. ஓவனின் மாடல் எண் ஒன்றாக இருந்தாலும் தயாரித்த ஆண்டைப் பொறுத்து உள்ளே போர்டு மாறும். பார்த்தால் இரட்டையராக இருக்கும் இரு போர்டுகளின் சிப்பில் வேறு வேறு புரோகிராம் எழுதியிருக்கும். போர்டிலேயே ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரின் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். 2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் நலத்துறை 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. ஆனாலும் நண்பகல் நடை இன்னும் ஒழியவில்லை.

கண்டடைவுகள்

மூன்று திணைகளும் ஒன்றில் ஒத்துப்போகின்றன. போர்டின்மீது தீர்ப்பு எழுதிய பிறகுதான் சாட்சிகளை விசாரிக்கிறார்கள். விளக்கு எரிந்து, தட்டு சுற்றி, பால் மட்டும் சுடவில்லையா? மேக்னட்ரான், டயோடு, கெப்பாசிட்டர் ஆகியவற்றையும் கதவின் சுவிட்சுகளையும் முதலில் கேட்க வேண்டும். சில பட்டன்கள் மட்டும் வேலை செய்யவில்லையா? பெரும்பாலும் கீபேடு ஷீட்டே குற்றவாளி. அதிலும் தினமும் அழுத்தப்படும் 'ஸ்டார்ட்' முதலில் தேய்கிறது. அடியோடு உயிரில்லையா? ஃபியூஸ். ஒரு பட்டனும் தொடாமல் கதவைச் சாத்தியதும் தானே ஓடத் தொடங்கினால் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம். உடனே பிளக்கைப் பிடுங்க வேண்டும். இந்த இடத்தில் போர்டு குற்றவாளிதான். ஆனால் குற்றம் செய்த ரிலேயின் விலை சில பத்து ரூபாய்.

உண்மையிலேயே போர்டை மாற்ற நேர்ந்தால், வயர்களைக் கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்வது மரபு. பொருத்திய பின் காலி ஓவனை ஓடவிடக் கூடாது. உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து ஒரு நிமிடம் ஓட்டி, சுட்டதா என்று பார்ப்பார்கள். மயிலாப்பூரில் தண்ணீருக்குப் பதில் காபி வைக்கப்படுவது வழு அன்று, வழுவமைதி.

மேலாய்வுக் களங்கள்

ஒன்று: புதுப் போர்டின் கடிகாரத்தில் மணி வைக்கும் கடமை குடும்பத்தில் யாருடையது? இரண்டு: கரப்பான்கள் புதுப் போர்டைக் கண்டறிய எத்தனை நாள் எடுத்துக்கொள்கின்றன? மூன்று: பழைய போர்டின் கதி. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள் மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளரிடம் வைக்கின்றன. நடைமுறையில் போர்டு பரணுக்குப் போகிறது, "ஏதாவது பார்ட்டுக்கு ஆகும்" என்ற குறிப்போடு. எந்தப் பார்ட்டுக்கு என்பது முனைவர் பட்டம் வரை நீளும் வினா. நெறியாளர் கிடைத்தால் பதிவு செய்துகொள்ள அடையாறில் ஆள் தயார்.