மாடுகளுக்கு அனுப்ப மறந்த வர்த்தமானி

2021 மே 6ஆம் திகதி வெளியான அதிவிசேட வர்த்தமானியில் ஒரு பிரதியைப் பெரகலப் பக்கத்து மாடுகளுக்கும் அனுப்பியிருக்கலாம். இரசாயன உரம் இனி நாட்டுக்குள் வராது, பயிர் வளர்க்கும் பொறுப்பு இன்று முதல் உங்கள் வால் பக்கம் வந்திருக்கிறது என்று அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை. பாவம், அவை வழக்கம்போலத்தான் சாணி போட்டன.

நூறு கிலோ யூரியாவில் 46 கிலோ நைதரசன். நூறு கிலோ பச்சைச் சாணியில் ஏறக்குறைய அரைக் கிலோ. 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஈடுகட்ட நாலரைத் தொன் சாணியை மலைச்சரிவில் தலைச்சுமையாக ஏற்ற வேண்டும். வெலிமடையில் உருளைக்கிழங்கு போடுகிறவருக்கு இந்தக் கணக்கு தெரியும். பேராதனைப் பேராசிரியர் புத்தி மாரம்பேவுக்கும் தெரியும். அவர் வாய்விட்டுச் சொன்னார். விவசாய அமைச்சு அவரைத் தன் குழுக்களிலிருந்து நீக்கிக் கணக்கைச் சரிசெய்தது.

உர இறக்குமதிக்குப் போகும் 400 மில்லியன் டொலர் மிச்சம் என்றார்கள். பிறகு சீனாவிலிருந்து சேதனப் பசளையையே இறக்குமதி செய்தார்கள்! ‘ஹிப்போ ஸ்பிரிட்’ கப்பலில் வந்த 20,000 தொன்னின் மாதிரியில் கெட்ட பக்டீரியா இருந்ததாம், சரக்கு இறங்கவில்லை. இறங்காத சரக்குக்கு 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட டொலர் கட்டினோம்.

எருவின் அருமையை எங்களுக்குப் படிப்பிக்க வந்தவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. லயத்துக்குப் பின்னால் பட்டி கட்டி, சாணியை மாதக்கணக்கில் மக்கவைத்து, அடுப்புச் சாம்பலும் சேர்த்து, போஞ்சியும் லீக்ஸும் போட்ட சனம் இது. மக்கிய எரு மண்ணை இளக்கும், ஈரத்தைப் பிடித்துவைக்கும், மழையில் மேல்மண் ஓடாமல் காக்கும். ஆனால் ஆறுதலாகத்தான் வேலை செய்யும். வருடக்கணக்கில் போட்டால்தான் மண் தேறும். ஆட்சிக்கு வரும்போது அரசாங்கத்தினரும் சேதனப் பசளைக்கு மாறப் பத்து வருடம் என்றுதான் எழுதித் தந்தார்கள். வந்தபின் ஒரே இரவு போதுமாயிற்று.

உரமில்லாமல் தேயிலை துளிர்க்க மறுத்தது. துளிர்க்காத செடியிடமும் தோட்டம் அதே நிறையைக் கேட்டது. நிறை குறைந்தால் அரைப்பேர், அரை நாள் சம்பளம். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் அந்த மார்ச்சில்தான் வந்திருந்தது, அதிலும் பாதி போனது. அக்டோபர் முடிவில் ஜனாதிபதி கோட்டாபய கிளாஸ்கோவில் நைதரசன் பற்றி உலகத்துக்கு உபதேசம் செய்தார். நவம்பரில் தடையை எடுத்தார்கள். 2021இல் 30 கோடி கிலோவை ஒட்டியிருந்த தேயிலை, 2022இல் 25 கோடிக்கு இறங்கியது. நெல் விவசாயிகளுக்கு நட்டஈடு என்று 4,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள். அரைப்பேர் விழுந்தவள் எந்தப் பட்டியலிலும் இல்லை. உத்தரவு போட்டவர் 2022 ஜூலையில் விமானம் ஏறிவிட்டார். அவருக்கு யாரும் அரைப்பேர் போடவில்லை.

இனியும் யாராவது சேதனப் பசளை வகுப்பெடுக்க மலையேறுவார்கள். வரட்டும். லயத்துப் பின்பக்கப் பாத்தி இன்றைக்கும் தோட்டத்தின் காணி. துரை நினைத்தால் நாளைக்கே பிடுங்கலாம். பிடுங்கப்போகிற மண்ணில் எந்த மடையன் பத்து வருடம் எரு கொட்டுவான்? வரும்போது கையேட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுக் காணி உறுதியைக் கொண்டுவாருங்கள். சாணி எங்களிடம் இருக்கிறது.