பேரிங் உபாசகர்

ரிமோட் கார் எனப்படும், வானொலி அலையால் இயக்கப்படும் சிறு கார்களை வைத்திருக்கும் பெரியவர்களை மூன்று வகையினராகப் பிரிக்கலாம்: வாங்கிய அன்றே ஓட்டுவோர், ஓட்டிய அன்றே உடைப்போர், ஓட்டவும் உடைக்கவும் நேரமின்றி உள்ளிருக்கும் பாகங்களை மாற்றிக்கொண்டே இருப்போர். முதல் இரு வகையினரின் வரலாறு ஒரு மாலைப் பொழுதிலேயே முடிந்துவிடுவதால் அவர்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்றாம் வகையினரோ நீண்ட ஆயுளும் குன்றாத ஊக்கமும் உடையவர்கள். அவர்களுள்ளும் காரின் வண்ணம், வேகம், மோட்டார் ஆகிய அனைத்தையும் இரண்டாம் பட்சமாக்கி, சக்கரம் எவ்வளவு இலகுவாகச் சுழல்கிறது என்பதையே வாழ்வின் வினாவாகக் கொண்டவரைப் பேரிங் உபாசகர் என்று இக்கட்டுரை குறிக்கிறது. இவர் சென்னையிலும் கோவையிலும் கோலாலம்பூரிலும் காணக்கூடியவரே. எனினும், தட்பவெப்பமும் நிலவமைப்பும் ஒருவரின் குணத்தை எவ்வாறு வடிக்கின்றன என்பதைக் காட்ட வசதியாக, சேர்வராயன் மலையின் ஏற்காடு வட்டத்துச் செம்மநத்தத்தில், ஒரு காபித் தோட்ட அலுவலகக் கணக்கராக அவரை இங்கே குடியமர்த்திப் பார்க்கலாம்.

உபாசகரின் சமயத்தைப் புரிந்துகொள்ள முதலில் அதன் அசுரனை அறிய வேண்டும். அசுரனின் பெயர் புஷ். அச்சுத்தண்டும் அதைத் தாங்கும் கூடும் நேருக்கு நேர் உரசித் தேயாதபடி இடையில் செருகப்படும் பிளாஸ்டிக் அல்லது உலோக வளையமே புஷ். தண்டு அதனுள் வழுக்கிச் சுழலும். பேரிங், அதாவது நம் பட்டறைகளில் பால்ரஸ் என்று வழங்குவது, ஒன்றினுள் ஒன்றாக அமைந்த இரு எஃகு வளையங்களுக்கு நடுவே குண்டுகளை வரிசையாக வைத்து, வழுக்குதலை உருளுதலாக மாற்றிவிடுகிறது. நல்ல பேரிங்கின் உராய்வுக் கெழு, அதாவது தாங்கும் சுமையில் எத்தனை பங்கு விசை உராய்வாக எதிர்த்து நிற்கிறது என்னும் விகிதம், ஏறத்தாழ 0.0015 மட்டுமே, பிளாஸ்டிக் புஷ்ஷில் அது பல மடங்கு அதிகம். பாரிஸ் நகரத்து ஜூல் சூரிரே மிதிவண்டிக்கான பால் பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றதும், பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த பந்தயத்தில் அத்தகைய வண்டியோட்டி ஜேம்ஸ் மூர் வென்றதும் 1869-ஆம் ஆண்டில் என்பதால், உபாசகர் உலக வரலாற்றை அந்த ஆண்டுக்கு முன், பின் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வார்.

இந்தச் சமயம் வளர்ந்ததில் ஜப்பானியருக்குப் பெரும் பங்குண்டு. ஷிசுவோகா நகரில் 1946-இல் மர வணிகமாகத் தொடங்கிப் பின்னர் பொம்மை மாதிரிகளுக்கு மாறிய தமியா நிறுவனம், 1976-இல் போர்ஷே 934 என்னும் தன் முதல் ரிமோட் காரையும் 1984-இல் கிராஸ்ஹாப்பர் என்னும் மலிவான மணல்வெளி வண்டியையும் வெளியிட்டு, வாங்குபவரே பாகங்களைக் கோத்து வண்டியாக்கும் பழக்கத்தை உலகெங்கும் பரப்பியது. இத்தகைய தொடக்கநிலைப் பெட்டிகள் பலவற்றில் விலையைக் கட்டுக்குள் வைப்பதற்காகப் புஷ்களே வைக்கப்பட, பேரிங்குகள் தனி உறையில், தனி விலையில் விற்கப்பட்டன. நோயைப் பெட்டிக்குள்ளும் மருந்தைப் பெட்டிக்கு வெளியிலும் வைத்து விற்ற இந்த வணிக நுட்பத்தை உபாசகர் ஒருபோதும் குறைசொல்வதில்லை. எல்லாம் நிறைவாக அமைந்த வண்டியொன்று வந்து சேர்ந்திருந்தால் தமக்கு வேலையே இருந்திராது என்பதை அவர் உள்ளூர அறிவார்.

உபாசகரின் மொழி எண்களால் ஆனது. 1150 என்றால் 11 மி.மீ. வெளிவிட்டமும் 5 மி.மீ. உள்விட்டமும் உடைய பேரிங். 850 என்றால் வெளிவிட்டம் 8, உள்விட்டம் 5. இவ்வளவில் நின்றிருந்தால் குடும்பத்தார் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அவர் எதிர்ப்படும் இயந்திரம் ஒவ்வொன்றையும் அதன் பேரிங் எண்ணாலேயே அறிமுகப்படுத்திக்கொள்கிறார். 6204 என்பதில் கடைசி இரு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் 20 மி.மீ. உள்விட்டம் கிடைக்கும் என்றும், இந்தக் கணக்கு 04-க்குக் கீழே செல்லாது என்றும், ஆகவே 6202-இன் உள்விட்டம் 10 அன்று, 15 என்றும் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு விளக்குவார். கூரை மின்விசிறிகள் பலவற்றினுள் இருப்பது அந்த 6202-தான் எனினும், கடல் மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டு மலையில் விசிறியே இல்லாத வீடுகள் பல இருப்பதால், அவரது புலமையில் ஒரு பகுதி பயனின்றிக் கிடப்பது அவருக்குத் தீராத மனக்குறை.

வழிபாடு இரவுச் சாப்பாட்டுக்குப் பின், பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள் அப்புறப்படுத்தப்பட்ட மேசையில் தொடங்குகிறது. பழைய செய்தித்தாள் விரிக்கப்படும். திருகுகள் உருண்டோடாதிருக்க எவர்சில்வர் டப்பா மூடி ஒன்று மல்லாத்தி வைக்கப்படும். “ஏங்க, அந்தக் கடுகு டப்பா மூடியக் குடுத்துட்டு அப்புறமா உங்க பூஜையப் பண்ணுங்க” என்று சமையலறையிலிருந்து வரும் குரல் வழிபாட்டின் மங்கல வாத்தியம். பாக்ஸ் ஸ்பேனரால் சக்கரத்தின் நட்டைக் கழற்றி, அதன் பின்னுள்ள அறுகோணத் துண்டை உருவி, அதைப் பிடித்திருந்த மெல்லிய ஊசியைக் கீழே தவறவிட்டு, மேசைக்கடியில் தவழ்ந்து மீட்டு, இறுதியில் கூட்டிலிருந்து கறுப்புப் புஷ்ஷை ஒரு குச்சியால் நெம்பித் தள்ளுவார். பிறகு புதிய பேரிங்கைக் கூட்டின் வாயில் வைத்து, வெளிவளையத்தின் மேல் மட்டும் கட்டைவிரலைப் பரப்பி அழுத்துவார். உள்வளையத்தை அழுத்தினால் குண்டுகள் ஓடும் தடத்தில் பள்ளம் விழும் என்பது பட்டறைக்காரர் எல்லாரும் அறிந்த விதி. பேரிங் சாயாமல் ‘டிக்’கென்று இறங்கி உட்காரும் அந்தக் கணத்தில், தோட்டக் கணக்கு நேர்ந்த நாளில்கூடக் காணப்படாத ஒரு நிறைவு அவர் முகத்தில் தெரியும்.

அடுத்தது பரிசோதனை. காரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை விரலால் சுண்டிவிட்டு, அது நிற்கும்வரை கடிகாரத்தைப் பார்ப்பார். இங்கேதான் அவரது கோட்பாட்டின் மெல்லிய இடம் வெளிப்படுகிறது. சுமையின்றி அந்தரத்தில் சுழலும் சக்கரம் காட்டுவது பெரும்பாலும் பேரிங்கினுள் இருக்கும் கிரீஸின் தடிப்பையே, வண்டியின் பாரத்தைத் தாங்கித் தரையில் ஓடும்போது அது நடந்துகொள்ளப்போகும் விதத்தை அன்று. எனவே கிரீஸைப் பெட்ரோலில் கழுவி, ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டால் சக்கரம் கூடுதல் நேரம் சுழலும். பேரிங்கின் ஆயுளோ குறையும். பேரிங்கால் விளையும் உண்மையான நன்மைகள் வேறு: மோட்டார் இழுக்கும் மின்சாரம் சற்றுக் குறைகிறது, பேட்டரி சிறிது நேரம் கூடுதலாகத் தாங்குகிறது, தேய்ந்த புஷ்ஷால் சக்கரத்துக்கு வரும் ஆட்டம் நின்றுபோகிறது. இவை யாவும் வண்டியைத் தரையில் ஓட்டினால் மட்டுமே தெரியவரும் நன்மைகள் என்பதால் உபாசகர் அவற்றைச் செவிவழிச் செய்தியாகவே அறிந்திருக்கிறார்.

அவர் ஏன் ஓட்டுவதில்லை என்பதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்வது அநீதி. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இம்மலையில் காபியைப் புகுத்தியபோது, பிற்காலத்து ரிமோட் கார்களின் நலனைக் கருத்தில் கொள்ளவில்லை. பாதைகள் சரிந்தும் வளைந்தும் செல்லும் தோட்டத்தில் சமதளம் என்று இருப்பது காபி உலர்த்தும் சிமெண்ட் களம் ஒன்றே. அறுவடைக் காலமான மார்கழி, தை மாதங்களில், வானம் வெளுத்து ஓட்டத்துக்கு உகந்திருக்கும் நாட்களில், அந்தக் களம் முழுவதும் காபிக்கொட்டை பரப்பப்பட்டிருக்கும். காபி மூட்டைக்குள் போனதும் செடிகளைப் பூக்கவைக்கும் கோடைமழையை ஊரே எதிர்பார்த்து நிற்கும். உபாசகரும் சம்பளம் தரும் தோட்டத்துக்காக அதை வேண்டிக்கொண்டு, தம் பேரிங்குகளுக்காக அதற்கு அஞ்சுவார். அப்புறம் பருவமழையும் பனிமூட்டமும். ஓட்ட முடியாத நாட்கள் ஆண்டில் இவ்வளவு மிகுந்துவிட்டால், அவற்றைப் பேரிங் மாற்றும் நாட்களாக ஆக்கிக்கொள்வதே அறிவுடைமை. தரையும் வானமும் ஒத்துழைக்காத இடத்தில், சக்கரத்தை அந்தரத்திலேயே சுழலவிட்டு மகிழக் கற்ற பந்தய வீரரே பேரிங் உபாசகர்.

மலையின் ஈரம் அவரது சிந்தனைக்கு ஓயாது தீனி போடுகிறது. பேரிங்கின் பக்கவாட்டை மூடும் தகடு உலோகமாக இருந்தால் உரசாது, ஆனால் நீரும் தூசியும் புகும். ரப்பராக இருந்தால் புகாது, ஆனால் சற்றே உரசும். ஆகவே மழைக்காலத்துக்கு ரப்பர், வெயிற்காலத்துக்கு உலோகம் என்று இரண்டு தொகுதிகள் வாங்கப்படும். எஃகு துருப்பிடிப்பது நினைவுக்கு வந்ததும் துருப்பிடிக்காத எஃகில் மூன்றாவது தொகுதியும், சிலிக்கான் நைட்ரைடு என்னும் பீங்கானொத்த பொருளால் குண்டுகள் செய்யப்படுவது தெரியவந்ததும் நான்காவதும் வரும். ஒவ்வொரு பொட்டலமும் சேலத்திலிருந்து 20 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மலையேறி வந்து, ‘அலுவலகச் சாமான்’ என்ற பெயரில் வீட்டுக்குள் நுழையும். காரின் விலையைப் பேரிங்குகளின் விலை என்றோ தாண்டிவிட்டது என்பதைக் கணக்கரான அவர் அறியாதவர் அல்லர். அந்த ஒரு பேரேட்டை மட்டும் அவர் கூட்டிப் பார்ப்பதில்லை.

கோடை விழாவை ஒட்டி உறவினர் மலையேறி வரும் மே மாதத்தில் அவருக்குச் சோதனை வருகிறது. “பெரியப்பா, இது ஓடுமா?” என்று கேட்கும் சிறுவனுக்கு, “இந்தச் சக்கரத்தச் சுண்டிப் பாருடா” என்பது அவரது விடை. சுண்டிப் பார்த்துச் சலித்த சிறுவன், பெரியப்பா குளிக்கப் போன நேரம் பார்த்துக் காரை வாசலில் இறக்கி விசையை அழுத்திவிடுகிறான். வாசலுக்கு அப்பால் சரிவு. சிறுவன் விசையை விட்டுவிட்ட பிறகும் கார் நிற்காமல் பாதையில் இறங்கி, வளைவில் திரும்பாமல் நேரே சென்று, காபிச் செடிகளுக்குள் மறைகிறது. சத்தம் கேட்டு ஈரத் துண்டோடு ஓடிவரும் உபாசகர், அனைவரும் எதிர்பார்ப்பதற்கு மாறாகக் கோபம் கொள்வதில்லை. “பாத்தியா! பவர விட்டும் எவ்ளோ தூரம் போச்சு பாத்தியா! புஷ்ஷா இருந்தா வாசப்படியிலயே நின்னிருக்கும்” என்று அவர் பூரித்துப்போகிறார். புவியீர்ப்புக்கு உரிய புகழ் முழுவதும் இவ்வாறு பேரிங்குக்கு எழுதி வைக்கப்படுகிறது.

இவ்வகையினரால் சமுதாயத்துக்குப் பயனில்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. பறித்த காபிப் பழத்தின் தோலை உரிக்கும் எந்திரத்துக்குத் தோட்டங்களில் பல்ப்பர் என்று பெயர். பழத்தைப் பறித்த அன்றே உரிக்காவிட்டால் அது புளிக்கத் தொடங்கிச் சரக்கின் தரம் கெடும் என்பதால், அறுவடை நாளில் பல்ப்பர் நின்றால் தோட்டமே நிற்கும். “சார், பல்ப்பர் ஒரு தினுசா மொனகுதுங்க, கொஞ்சம் வந்து கேளுங்க” என்று மேஸ்திரி தேடிவரும்போது உபாசகரின் நடையே மாறிவிடுகிறது. நீண்ட திருப்புளியின் நுனியைப் பேரிங் கூட்டின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு அணைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு, “வெளி ரேஸ்ல பள்ளம் விழுந்திருச்சு, ரெண்டு நாள் தாங்காது. சேலத்துல 6205 ஒண்ணு இன்னைக்கே வாங்கியாரச் சொல்லுங்க” என்பார். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்தரத்தில் சுழலும் சக்கரங்களை ஆண்டுக்கணக்கில் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு, பாரம் சுமந்து சுழலும் சக்கரத்தின் முனகல் உரக்கவே கேட்கிறது.

இத்தகைய எந்திரங்களிலிருந்து கழற்றப்பட்ட பழைய பேரிங்குகள் ஊர்ச் சிறுவர்களிடம் சேர்கின்றன. ஒரு பலகை, பின்னால் இரண்டு பால்ரஸ், முன்னால் திருப்புவதற்கு ஏற்ற கட்டையில் ஒன்று என்று கோத்து, பிரேக்குக்குக் குதிகாலை நம்பி, அவர்கள் தார்ச்சாலைச் சரிவில் ஊரே அதிர இறங்குகிறார்கள். தமிழ்நாட்டில் பல தலைமுறைகள் அறிந்த இந்தப் பால்ரஸ் வண்டியைக் கண்டதும் உபாசகர் எண்ணெய்க் குப்பியோடு வழிமறித்து, ஒரு சொட்டு விட்டுக்கொள்ளும்படி அறிவுறுத்துவது வழக்கம். “எண்ணெ விட்டா மண்ணு அப்பிக்கும்ணே, சத்தமும் போயிரும்” என்று அவர்களுள் ஒருவன் மறுக்கிறான். மூடியற்ற பேரிங்கில் எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்னும் முதற்பகுதி தொழில்நுட்ப முறைப்படி முற்றிலும் சரியானது என்பதால், உபாசகரால் மறுமொழி கூற முடிவதில்லை. இரண்டாம் பகுதியோ, உராய்வை ஒழித்து ஓசையை அடக்குவதே சக்கரத்தின் முக்தி என்னும் அவரது கோட்பாட்டின் வேரையே அசைப்பது. ஆகவே அவர் எண்ணெய்க் குப்பியை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அந்தப் பேரிங்குகளின் எண்களை மட்டும் கேட்டு எழுதிக்கொள்கிறார். எண் என்னவென்று பார்த்தறியாமலேயே அவற்றின் மேல் அத்தனை தூரம் ஓடி முடித்த அச்சிறுவர்கள், இக்கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட மூன்று வகைகளுள் எதிலும் அடங்காமையால், அவர்களைப் பற்றி ஆராய்வது வேறொருவருக்கு விடப்படுகிறது.