கரை வந்துட்டு, துறையைக் காணோம்

எங்கள் ஆலந்தலையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. குடும்பத்தோடு வெளியூர் கிளம்ப வேண்டுமென்றால் அந்த ஒரு நாள்தான். அதிலும் பூசை இருக்கிறது. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போவது என்று முடிவானதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "பூசைக்கு என்ன வழி?" சனிக்கிழமை சாயங்காலப் பூசை கண்டால் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் சேர்ந்துவிடும் என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. பங்குச் சாமியாரிடமே போய்க் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் சேலையை மடித்துப் பையில் வைத்தாள்.

உயிரியல் பூங்கா என்ற பேர் அத்தையின் நாக்கில் ஏறவில்லை. அவளுக்கு அது 'உயிர் காலேஜ்'. அந்தக் காலத்தில் பட்டணம் பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லாம் இரண்டு காலேஜ் போனதாகச் சொல்வார்கள். எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ், மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். பள்ளிக்கூடத்துப் படி மிதிக்காதவர்கள்கூட இரண்டு காலேஜிலும் கால்வைத்தவர்கள். உண்மையில் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். மியூசியத்தைக் கவனித்துவந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற வெள்ளைக்கார டாக்டர், பாடம் பண்ணி வைத்ததை விட உயிரோடு இருப்பதைப் பார்க்கத்தான் கூட்டம் நெரிகிறது என்று கண்டுகொண்டு, நவாபிடம் இருந்த மிருகங்களைக் கேட்டு வாங்கி 1855-ல் காட்சி சாலை தொடங்கினார். பிறகு அது சென்ட்ரல் பக்கம் இருந்த பார்க்குக்குப் போய், 1985-ல் வண்டலூருக்கு வந்தது. இதையெல்லாம் சொன்னதற்கு, "அப்ப மாத்தலாகி வந்த காலேஜுன்னு சொல்லு" என்றாள் அத்தை.

சனிக்கிழமை ராத்திரி திருச்செந்தூரில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறினோம். அப்பா, அம்மா, அத்தை, மனைவி, பிள்ளைகள் இரண்டு, நான் என்று ஏழு பேர். எட்டாவதாக ஒரு தூக்குச்சட்டி நிறைய நெத்திலிக் கருவாட்டுப் பொரியல். அதற்கு டிக்கெட் எடுக்கவில்லையே தவிர, பெட்டி முழுக்க அதுதான் உட்கார்ந்திருந்தது. எதிர் பெர்த்துக்காரர் திருநெல்வேலிவரை மூக்கில் துண்டைப் பொத்திக்கொண்டு வந்தார். கோவில்பட்டியில் துண்டை எடுத்தார். மதுரை வருவதற்குள் அவர் சப்பாத்திக்கு எங்கள் நெத்திலி தொட்டுக்கையாகியிருந்தது.

காலையில் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் இரண்டு ஸ்டேஷன் பின்னால் வந்தால் வண்டலூர். அதாவது வண்டலூரைத் தாண்டிப் போய்விட்டு மறுபடி வண்டலூருக்கு வருகிறோம். அப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. "துறையத் தாண்டிப் போயிட்டுத் திரும்பி வாரவன் வள்ளத்துல நம்ம ஊர்ல ஒருத்தன் ஏறுவானால?" என்றார். ரயில்வேக்காரர்களை நினைத்து அவர் அன்று முழுக்க இடையிடையே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

பூங்கா 602 ஹெக்டேர். ஏறக்குறைய 1,490 ஏக்கர். கடலை அளவில்லாமல் வைத்திருக்கும் எங்களுக்கு நிலம் என்றால் வீடும் வலை காயப்போடும் இடமும்தான். இவ்வளவு நிலத்தை ஒரே இடத்தில் பார்த்ததும் அப்பாவின் முதல் சந்தேகம், இதற்கு யார் தீர்வை கட்டுகிறார்கள் என்பது. பேட்டரி வண்டிக்கு நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு, நடந்தே போவோம் என்று வீரமாக முடிவெடுத்தேன். அந்த வீரத்தை மனைவி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

முதலில் முதலை. அரைமணி நேரம் பார்த்தோம். வாய் திறந்தபடி இருந்தது, திறந்தபடியே இருந்தது. ஈ ஒன்று உள்ளே போய் வெளியே வந்தது. அத்தை கம்பி வேலியில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "இத செத்த காலேஜ்லேருந்து கொண்டாந்து போட்டிருக்கானுவ" என்றாள். அடுத்து வெள்ளைப் புலி. நூறு பேர் எட்டிப் பார்க்கிறார்கள், புலி புதருக்குப் பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு தூங்குகிறது. "அந்தா வால்", "அது வால் இல்ல, கொம்பு", "புலிக்கு ஏதுடா கொம்பு", "மரக்கொம்புடா." என் மகன் எல்லாக் கூண்டிலும் ஒரே கேள்விதான் கேட்டான், "இது என்ன திங்கும்?" காவலுக்கு நின்றவர் எல்லாருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: "இப்ப எந்திரிக்காது. சாயங்காலம் தீனி போடுறப்ப வாங்க." அப்பா மட்டும் புலியின் பக்கம் பேசினார். "பெரிய மீனு மேல வராதுல. ஆழத்துலதான் கெடக்கும்."

அவர் அசையாமல் நின்ற இடம் ஒன்றே ஒன்று, கூழைக்கடாக் குளம். ஒரு பறவை அலகைத் தண்ணீருக்குள் விட்டு வாரியது. தாடைக்குக் கீழே பை உப்பி, உள்ளே ஒரு வால் அடிப்பது தோலுக்கு வெளியே தெரிந்தது. உடனே விழுங்கவில்லை. அலகைக் கீழே சாய்த்து, ஓரத்து வழியாகத் தண்ணீரை நிதானமாக வடியவிட்டு, அதன் பிறகுதான் தலையைத் தூக்கியது. "மடிய இழுத்துத் தண்ணிய வடிக்கிறான் பாரு" என்றார் அப்பா. பறவை அவருக்கு 'அவன்' ஆகியிருந்தது. "பிறக்கும்போதே வலையோட பிறந்திருக்கான். டீசல் வேண்டாம், ஐஸ் வேண்டாம், ஏலக்காரன் மூஞ்சில முழிக்க வேண்டாம்." அவர் குரலில் இருந்தது வியப்பா பொறாமையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மத்தியானம் வழி தவறிவிட்டோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் மறுபடி மறுபடி அதே மான் கூட்டம் வந்து எங்களைப் பார்த்தது. என் போன் உயிரை விட்டிருந்தது. பிள்ளைகள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு நெஞ்சில் காற்றை வாங்கினார். நடுக்கடலில் கோயில் கோபுரத்தையும் தேரிப் பனையையும் கண்ணால் கோத்து, தண்ணீருக்குள் கிடக்கும் பாரின் மேல் வள்ளத்தை நிறுத்துகிறவர் அவர். "கொண்டல் ஏறிட்டு. கடல் கிழக்க, கரை மேற்க. காத்த முதுகுல வாங்கிட்டு நடங்க."

நடந்தோம். சும்மா சொல்லக்கூடாது, கால்மணி நேரத்தில் ஜிஎஸ்டி ரோட்டு பஸ் ஹாரன் காதில் விழுந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில், ஆளுயரத்துக்கு மேல் ஒரு மதில் சுவர் வந்து நின்றது. அந்தப் பக்கம் சென்னை, இந்தப் பக்கம் நாங்கள். வாசல் கண்ணுக்கு எட்டவில்லை. அப்பா சுவரைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "கரை வந்துட்டு. துறையத்தான் காணோம்." பிறகு ரோந்து வந்த ஒரு காவலர் வழி காட்டினார். கருவாட்டு வாசம் அடித்ததால்தான் இந்தப் பக்கம் வந்து பார்த்தேன் என்றார். காலித் தூக்குச்சட்டிதான், ஆனாலும் எங்களைக் கரைசேர்த்தது.

திங்கட்கிழமை காலை ஊர் வந்து சேர்ந்தோம். அப்பா அன்றே கடற்கரையில் வலை பொத்த உட்கார்ந்துவிட்டார். எங்களை வேடிக்கை பார்ப்பது புதிதல்ல. 1961-ல் தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது, தாத்தா முங்கி எழுவதைப் பார்க்கக் கரையில் கூட்டம் நின்றது என்பார்கள். இப்போது திருச்செந்தூர் கோயிலுக்கு வருகிறவர்கள் காரை இப்படித் திருப்பிக்கொண்டு வருகிறார்கள். அன்றும் ஒரு குடும்பம் வந்து, அப்பாவைச் சுற்றி நின்று படம் எடுத்தது. கட்டைவிரலில் கண்ணியை மாட்டி, ஊசியை வாயில் கடித்தபடி அவர் குனிந்திருந்தார். அவர்கள் கூட்டி வந்திருந்த சின்னப் பையன் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுத் தன் அப்பாவிடம், "இந்தத் தாத்தா ஏன் அசையாமலே இருக்காரு?" என்று கேட்டான்.

அப்பா ஊசியை வாயிலிருந்து எடுத்தார்.

"இப்ப எந்திரிக்க மாட்டேன் மக்கா. சாயங்காலம் தீனி போடுறப்ப வா."