கறுப்பு ரோசாவும் கற்பிட்டிக் கழுதையும்

மருமகனே, ஃபோனைத் தடவித் தடவிக் கறுப்பு ரோசா விதை வரவழைச்சிருக்கிறாயாம். மாமி சொன்னாள். பொட்டலத்தில் நூறு விதை, நூறும் கறுப்பு, போதாக்குறைக்கு நீலம் இலவசமாம். நல்லது. முளைச்சதும் எனக்கொரு கன்று தா. அது கத்தரியானாலும் சரி, தக்காளியானாலும் சரி, கறிக்கு ஆகும்.

ரோசா விதையை நம்பாதே. இன்றைக்குக் கடையில் பார்க்கிற ரோசாவெல்லாம் பல தலைமுறைக் கலப்பு. விதையில் போட்டால் பாட்டன் பூட்டன் குணமெல்லாம் தலை நீட்டும், தாய்ச்செடியின் பூ மட்டும் வராது. அதே பூ வேணுமென்றால் தடி வெட்டி நடணும், இல்லை வலுவான காட்டு ரோசாத் தண்டில் கண் ஒட்டணும். அதனால் கன்றாய் வாங்கு. வாங்கும்போது ஒட்டின இடம் எங்கே என்று குனிஞ்சு பார். விற்கிறவன் முகத்தைப் பார்த்து வாங்கினால் அவன் வீட்டுக் கலியாணத்துக்குத்தான் போகலாம்.

படத்தில் நீ பார்த்தது துருக்கி தேசத்து ஹல்ஃபெட்டிப் பூவாய் இருக்கும். யூப்ரடீஸ் ஆற்றங்கரை ஊர் அது. 2000 ஆம் ஆண்டளவில் பிரேசிக் அணை கட்டி, பழைய ஊரில் பெரும்பங்கு தண்ணிக்குள் போய்விட்டது. அந்த ஊர் ரோசா மொட்டாய் இருக்கையில் கறுப்பென்றுதான் தெரியும், விரிஞ்சால் கடுஞ்சிவப்பு. மிச்சக் கறுப்பைப் படம் போட்டவன் பூசியிருக்கிறான். எந்த ரோசாவிலும் கறுப்புச் சாயம் கிடையாது, ராசா. சயனிடின் என்கிற சிவப்புச் சாயம்தான். அது இதழில் அடர்ந்து, இதழின் மேல்தோலில் உள்ள நுண்ணறைகளும் கூம்பு கூம்பாய் எழும்பி ஒன்றின் நிழல் மற்றதில் விழுந்தால், வெல்வெட்டுத் துணி மாதிரி ஒரு இருட்டு இறங்கும். நாம் அதைக் கறுப்பென்று கொண்டாடுகிறோம். நீலத்தின் கதை இதைவிட மோசம். ஜப்பானில் சன்டோரிக் கம்பனி வருசக்கணக்கில் மரபணுவோடு மல்லுக்கட்டி 2009 இல் நீல ரோசாவை விற்பனைக்கு விட்டது. பார்த்தால் ஊதா. கோடிகளைக் கொட்டினவனுக்கு ஊதா, உனக்கு இலவசமாய் நீலம்!

கருஞ்சிவப்பில் நல்ல சாதிகள் இருக்கு. பிரான்சில் 1963 இல் வந்த பப்பா மெய்லாந் வாசத்தில் ராசா, ஆனால் சாம்பல் நோய்க்கு முதல் ஆளாய்ப் படுக்கும். எல்லாரும் தேடுகிற ப்ளாக் பக்காரா நிறத்தில் எல்லாரையும் தோற்கடிக்கும். வாசம் மட்டும் இல்லையென்றே சொல்லலாம். மணக்காத ரோசாவை எதுக்கு நடணும், ஃபோனிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாமே. என்னைக் கேட்டால் மிஸ்டர் லிங்கன். 1964 இல் அமெரிக்காவில் வந்தது. வெக்கை தாங்கும், வாசமும் உண்டு. பெயர்தான் ஜனாதிபதியுடையது, உடம்பு தோட்டக்காரனுடையது.

இனி நிறத்துக்கு வா. ரோசாவின் இருட்டு, குளிரில்தான் ஊறுகிறது. வெக்கை கூடினால் அந்தச் சிவப்புச் சாயம் குறைவாய்த்தான் சுரக்கும். மலைநாட்டு ஹக்கலப் பூங்காவில் ரோசா அடர்நிறமாய்ப் பூக்கிறதென்றால், அந்தப் பூங்கா கடல்மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கு மேலே குளிரில் குந்தியிருக்கு. உன் கற்பிட்டி வளவு எத்தனை அடி? கடல் கொஞ்சம் கோபித்தால் வாசற்படி நனையும். ஆகவே வருசம் முழுக்கக் கறுப்புக் கேட்காதே. ஐப்பசி மழை விழுகிற நேரம், ஒக்டோபர் கடைசியில், கிளையை வெட்டிவிடு. ஆறேழு கிழமையில் புதுத்துளிரில் மொட்டு வரும். வாடைக்காற்றில் இரவு குளிர்கிற அந்த நத்தார், தைப்பொங்கல் காலத்தில் விரிகிற பூவைத்தான் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டலாம். மே மாதம் வருகிற விருந்தாளிக்குச் செவ்வரத்தையைக் காட்டு.

மே மாதமும் கறுப்புத்தான் வேணுமென்றால் அதுக்கும் வழி இருக்கு. செடியை மத்தியான வெயிலில் நிறுத்து. கடுஞ்சிவப்பு இதழ் வெயிலை உறிஞ்சி ஓரம் கருகும், கறுப்பு தானாய் வரும். அது போதாதென்றால் நுரைச்சோலை மின்நிலையத்தில் நிலக்கரி எரிக்கிறார்கள், ஒரு சிரட்டைத் தூள் கேட்டுப் பார்.

உண்மையாய் வளர்க்கப் போகிறாயென்றால், கிழக்குப் பக்கம் வை. காலை வெயில் ஐந்தாறு மணித்தியாலம் விழணும், உச்சிக்குப் பிறகு மாமரத்து நிழல் வேணும். தென்னை நிழலும் ஆகும், தேங்காய் விழுகிற தூரத்தை அளந்து வை. உப்பளத்துக்காரன் கும்பிடுகிற வெயிலும் காற்றும்தான் உன் ரோசாவுக்கு எமன். சோளகக் காற்று எழும்பினால் கற்பிட்டியில் வெள்ளைக்காரன் பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் பறக்கிறான், அதே காற்று உன் இலையில் உப்பைப் பூசிவிட்டுப் போகிறது. மேற்கே ஒரு கிடுகு வேலி கட்டு. காற்று அடங்கின விடியலில் நல்ல தண்ணியால் இலையைக் கழுவு. பின்னேரம் கழுவாதே. ஈரத்தோடு இரவைக் கழித்த இலையில் கரும்புள்ளி விழும். கறுப்புக் கேட்டாய், அது பூவுக்கு முன்னால் இலைக்கு வந்து நிற்கும். விழுந்த இலையைப் பொறுக்கி எரி.

நல்ல தண்ணி என்றேனே, அதுதான் இங்கே பெரிய வழக்கு. நம் மணலுக்குள் மழைத்தண்ணி உப்புத்தண்ணியின் மேலே மிதந்துகொண்டு இருக்கு. மோட்டரைப் போட்டு ஆசை தீர இறைத்தால் அடியிலிருந்து உப்பு மேலே வரும். உன் வீட்டுப் பிளேன்டியில் சீனி போட்ட பிறகும் உவர் தெரிகிறதென்றால், அந்தக் கிணறு தென்னைக்கு ஆகும், ரோசாவுக்கு ஆகாது. இலையோரம் தீய்ஞ்சு காட்டிக்கொடுக்கும். மாரியில் கூரைத் தண்ணியைப் பீப்பாவில் பிடித்து வை.

நிலத்தில் நடாமல் பெரிய சாடியில் வை. மணல், மாட்டெரு, தும்புத்தூள் மூன்றும் சம பங்கு. தும்புத்தூளைச் சும்மா அள்ளிப் போட்டுவிடாதே, பொச்சு உவர்த்தண்ணியில் ஊறினதாய் இருக்கும். நல்ல தண்ணியில் இரண்டு மூன்று தரம் ஊறவைத்து வடித்துவிட்டுப் போடு. இணையத்துப் பண்டிதர் முட்டைக்கோது போடச் சொல்லுவார். அவருடைய மண்ணுக்கு அது சரி. நம் கரை மணலில் சிப்பியும் சங்கும் அரைபட்டே கிடக்கு. இன்னும் சுண்ணாம்பைச் சேர்த்தால் வேர் இரும்புச்சத்தை எடுக்காது, இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாய் நிற்கும். முட்டைக்கோதை மாமியிடமே விட்டுவிடு, முட்டையை நீ தின்.

உரத்திலும் கை அடக்கம் வேணும். 2021 இல் அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடுத்தபோது நாடே கொதித்தது, மாமியின் ரோசாவுக்கு மட்டும் செய்தியே போகவில்லை. அது தேயிலைச் சக்கையும் மாட்டெருவும் தின்று பழகினது. மணலில் கொட்டின உரம் நிற்காது, நேரே கிணற்றுக்கு இறங்கும். கற்பிட்டியில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போட்ட உரத்தின் நைத்திரேற்றைக் கிணற்றுத் தண்ணியில் அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். பூவுக்குப் போட்டதை உன் பிள்ளை குடிக்கக் கூடாது.

கடைசியாய் வேலி. முள் இருக்கே என்று இருந்துவிடாதே. பொதி சுமக்கிற வேலை போன பிறகு நம் கழுதைகள் வீதியில் வேலையில்லாத வாலிபராய்த் திரிகின்றன, முள்ளெல்லாம் அவற்றுக்கு ஊறுகாய். இன்னொரு சங்கதியும் உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் அபுலேயுஸ் என்கிறவன் லத்தீனில் எழுதின கதையில், மந்திரத்தால் கழுதையாய்ப் போன மனுசன் ரோசாப்பூத் தின்றால்தான் திரும்ப மனுசனாவான். நம் கழுதைகளில் யார் யார் முன்னே என்னவாய் இருந்தார்களோ, யாருக்குத் தெரியும்? வேலியைத் திறந்துபோட்டுப் படுத்தாயோ, விடியும்போது செடி மொட்டையாய் நிற்கும், முற்றத்தில் அறியாத மனுசன் ஒருவன் கூசிக்கொண்டு நிற்பான். அவனுக்கு முதலில் ஒரு சாரத்தைக் கொடு. பிறகு கிராம சேவகரிடம் கூட்டிப் போய்ப் பதிஞ்சுவிடு. உறவுமுறை கேட்டால் உன் பக்கத்து ஆள் என்று சொல், என் பெயரை இழுக்காதே.